கறுத்த நாக்கு

மலாய் நாட்டில், கஜா பெராங்கில் தேங்காய் உரித்து விற்கும் சிஹாபுதீனுக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து ஒன்றரை வருஷமாகியும் மலாய் மொழியில் பத்துச் சொல் தேறாது. அதில் ஒன்று 'பிசா', விஷம். புக்கிட் காதில் தோப்புகளிலிருந்து வரும் தேங்காய்க் குவியலில் பாம்பு கிடக்கும் என்பதால் வண்டிக்காரர்கள் முதலில் கற்றுக்கொடுத்ததே அந்தச் சொல்லைத்தான்.

மனைவி ஜமீலா ஏழு மாதக் கர்ப்பிணி. முகம் வெளுத்துப்போய், அடுப்பு மண்ணைக் கிள்ளித் தின்பாள். பார்த்துவிட்டால் அறைவான். அவனைப் பொறுத்தவரை அதுவும் அக்கறைதான். அண்டை வீட்டு மீனாச்சி, தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டிப் பெண், ஜமீலாவைக் கவர்மெண்டு ஆஸ்பத்திரி டிரஸர் சின்னப்பாவிடம் அழைத்துப் போனாள். அவர் தந்த புட்டியை மீனாச்சி வீட்டில் வைத்தே ஜமீலா ஒளித்துக் குடித்தாள். வெள்ளைக்காரன் மருந்து என்றால் புருஷன் கொன்றுபோடுவான் என்ற பயம்.

ஒரு மத்தியானம் சோறு வைக்கும்போது அவள் கொட்டாவி விட்டாள். நாக்கும் பல்லும் கறுத்திருந்தன. சிஹாபுதீன் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தான். என்னத்தைக் குடித்தாய் என்று முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் கை பக்கத்து வீட்டைக் காட்டியது.

தேங்காய் உரிக்கும் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மீனாச்சி வெற்றிலையைக் குதப்பியபடி புட்டியை எடுத்துக் காட்டினாள்.

"ஊபாட் பெசி. பெசி."

ஊபாட் என்றால் மருந்து, அது தெரியும். மற்றது அவன் காதில் 'பிசா' என்றே விழுந்தது. என் பிள்ளைக்கு விஷம் வைத்ததைச் சண்டாளி தன் வாயாலேயே சொல்கிறாளே என்று கொதித்தான். முதல் அடியில் புட்டி நொறுங்கியது. இரண்டாவதில் அவள் மணிக்கட்டு. மூன்றாவதை மண்டைக்கு ஓங்கியபோது ஜமீலா ஓடிவந்து குறுக்கே விழுந்தாள்.

"மச்சான், அது..."

கடப்பாரை ஜமீலாவின் தோளைப் பிளந்தது. ரத்தம் அரிசி கழுவிய நீரில் சாயம் கலந்ததுபோல வெளிறி ஓடியது.

சின்னப்பா வந்து சேர்வதற்குள் அவள் அடங்கிவிட்டாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். அங்கும் அசைவில்லை. நல்ல உடம்பென்றால் இந்தக் காயத்தைத் தாங்கியிருக்கும், இவளுக்கு ரத்தம் ஊறத்தான் மருந்து கொடுத்தேன், அதைக் குடித்தால் நாக்கு கறுக்கும் என்றார்.

"பெசின்னா என்னாங்க?" என்று கடப்பாரையும் கையுமாகக் கேட்டான் சிஹாபுதீன்.

சின்னப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இரும்பு. ஒரு நாளைக்குக் கடுகளவு இருந்தா போதும், அவ பொழச்சிருப்பா. ஒங்க கையில இருக்கே, அதுதான்."