மேசைக்கு அடியில் வைத்த கட்டைகள்

என் மனைவி குள்ளம். அதனால் எங்கள் தையல்கூடத்தில் துணி வெட்டும் மேசையின் கால்களை மாமனார் அவளுக்காகவே அறுத்துக் குட்டையாக்கியிருந்தார். சீருடை தைக்கும் கூடம். பள்ளி, மருத்துவமனை, ஹோட்டல் என்று எல்லா இடத்துக்கும் போகும். அடுக்கடுக்காக விரித்த துணியை அவள் ஒரே ஓட்டத்தில் வெட்டுவாள். ஓரம் பிசகாது.

அவள் இறந்த பிறகு மேசை கொஞ்ச நாள் சும்மா கிடந்தது. ஒரு காலையில் மாமியார் அவளுடைய ஏப்ரனைத் துவைத்து இளைய மகளிடம் நீட்டினார். என் கொழுந்தியாள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அது அவளுக்கு முழங்காலுக்கு மேலேயே நின்றது.

கொழுந்தியாள் நல்ல உயரம். வீட்டில் அவளுக்கு ஏணி என்று பெயர். மேல்தட்டுத் துணிச்சுருள் எட்டாதபோதெல்லாம் "ஏணி, இங்க வா" என்று என் மனைவி கூப்பிடுவாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

ஏணிக்கு நில அளவைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. வேறு ஊர். அக்கா படுத்த படுக்கையானதும் கல்லூரியில் கேட்டுத் தள்ளிவைத்திருந்தாள். திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சாப்பிடும்போது அவளேதான் எடுத்தாள்.

"திங்கக்கிழமை காலேஜ் திறக்குதுப்பா."

"மாப்பிள்ளை இருக்காரு. அவர் சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன். அந்த நாட்களில் யார் என்ன கேட்டாலும் அது எனக்குள் போய்ச் சேர நேரமாகும். போய்ச் சேர்வதற்குள் தட்டுகளை எடுத்துவிட்டார்கள்.

கூடத்தில் பொத்தான் துளை தைப்பவரைக் காஜா அக்கா என்போம். ஊசியைவிட வாய் வேகம்.

"என்னடி ஏணி, முதுகு இப்பவே கேள்விக்குறி மாதிரி வளையுது?"

"மேசை அக்கா உயரத்துக்கு இருக்குக்கா."

"மேசை மட்டுமா? அக்கா வச்சிட்டுப் போனது எல்லாமே இனிமே உனக்குத்தானே," என்று கண்ணால் என் பக்கம் காட்டினார். மிஷின்கள் ஒரு நொடி நின்று மறுபடி ஓடின. அன்று ஏணி வெட்டியதில் சட்டைக் கை ஒன்று கோணலாகப் போனது.

நான் கேட்டும் கேட்காதவன்போல் ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வேதியியல் பட்டதாரி. கல்யாணமான புதிதில் ஆய்வகம் ஒன்றில் சேர்வதாக இருந்தேன். "கொஞ்ச நாளைக்கு ஆர்டர் மட்டும் பாருங்க மாப்ளே," என்றார் மாமனார். எந்தத் துணி சாயம் போகும், எது போகாது என்று சொல்வதோடு என் வேதியியல் முடிந்தது.

என் கண்ணில் பட்டதெல்லாம் ஏணி அடிக்கடி இடுப்பைப் பிடித்துக்கொள்வதுதான். சனிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, மரக்கட்டைகளை அளந்து அறுத்து மேசைக் கால்களுக்கு அடியில் வைத்தேன். ஆடாமலிருக்க ரப்பர் துண்டும் ஒட்டினேன். மனைவி போன பிறகு நானாகச் செய்த முதல் வேலை.

காஜா அக்கா பார்த்ததும் கைதட்டினார். "வாயே திறக்காம பதில் சொல்லிட்டாரு பாரு மனுஷன்!"

மாமியார் மேசையைத் தடவிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் என் தோளில் கை வைத்தார். "உங்க மனசு எனக்குத் தெரியும் மாப்ளே."

என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரியவில்லை.

ஏணி கடைசியாக வந்தாள். மேசை அவள் இடுப்புக்குச் சரியாக இருந்தது. குனிந்து கால்களைப் பார்த்தாள்.

"நீங்களா அத்தான்?"

"ஆமா. அடிக்கடி இடுப்பைப் பிடிச்சுக்கிறியே."

"குனிஞ்சு வெட்டும்போதெல்லாம், இது கொஞ்ச நாளைக்குத்தானேன்னு நினைச்சுப்பேன். இப்ப என் அளவுக்கே செஞ்சு வச்சிட்டீங்க."

அழவில்லை. ஏப்ரனைக் கட்டத் தொடங்கினாள். முடிச்சு விழவில்லை.

"நான் அதுக்குச் செய்யலை," என்றேன்.

"எதுக்குச் செஞ்சீங்கன்னு இங்க யாரு கேட்டா? உங்களையும் 'கொஞ்ச நாளைக்கு'ன்னுதானே உக்கார வச்சாங்க."

இது மட்டும் உடனே போய்ச் சேர்ந்தது. மேசையின் ஒரு மூலையைத் தூக்கினேன்.

"கட்டையை உருவு."

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உருவினாள். அடுத்த மூலை. மிஷின்கள் நின்றுவிட்டன.

"மாப்ளே, என்ன பண்றீங்க?"

"அவ திங்கக்கிழமை காலேஜ் போறா மாமா."

"அப்ப மேசையில யாரு நிக்கிறது?"

"ஆள் போடலாம்."

"வெளியாளா? பெரியவ மேசையிலயா?" மாமனாரின் குரல் உடைந்தது.

"அவ செத்துட்டா மாமா."

அந்த வார்த்தையை அதுவரை நான் சொன்னதில்லை. ஏணி ஏப்ரனைக் கழற்றி, மடித்து, மாமியார் கையில் கொடுத்தாள்.

"நான் போறேம்மா."

திங்கட்கிழமை பஸ் ஏற்றிவிட மாமனார் வரவில்லை. ஆனால் அவளுடைய பையின் அறுந்த பட்டையை முந்தின நாள் மிஷினில் வைத்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தது அவர்தான். மாமியார் "போனதும் போன் பண்ணு" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அதையே பஸ் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே புது ஆள் வந்தார். நெட்டையான மனிதர். கொஞ்ச நேரம் வெட்டிவிட்டு இடுப்பைப் பிடித்தார்.

"யாருக்கு சார் செஞ்ச மேசை இது? சின்னப்பிள்ளைக்கா?"

மாமனார் தலை நிமிரவில்லை.

"என் வீட்டுக்காரிக்கு," என்றேன்.

அலமாரிக்குப் பின்னால் போட்டிருந்த கட்டைகளை எடுத்து வந்தேன். புது ஆளை ஒரு மூலையைத் தூக்கச் சொன்னேன். மாமனார் எழுந்து வந்து அடுத்த மூலையைப் பிடித்தார்.