பதினாலாம் மேசையின் தண்ணீர்

இருபத்திரண்டு வருடமாக டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர்ப் பம்ப் செய்கிறேன். ஆனால் என் பம்ப் தண்ணீர் இறைத்து ஒரு நாளும் பார்த்ததில்லை. மோட்டருக்குள் தண்ணீர் போகாதபடி இறப்பர் வளையத்தை இருத்தி, மூடியை வைத்து, ஆறு திருகாணிகளை இறுக்குவதுதான் என் வேலை. அதன்பின் பம்ப் பெட்டிக்குள் போகும், பெட்டி லொறிக்குள் போகும். சோதனை நடப்பது வேறு கட்டடத்தில். அங்கே நுழைய எனக்கு அனுமதி அட்டை இல்லை. "தண்ணி வராமப் பாக்கிறதுக்கே சம்பளம் வாங்கிற ஆள் என்ர மனிசிதான்" என்று ஜீவரட்ணம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனிதரின் பகிடிக்கு ஓய்வில்லை.

எங்கள் மகள் நவோமி பொறியியல் படிக்கிறாள். கடைசி வருடப் பயிற்சிக்காக இந்தோனேசியாவில், புளோரஸ் தீவின் ஒரு மலைக்கிராமத்தில் நான்கு மாதமாக இருந்தாள். அந்த ஊருக்குத் தண்ணீர் வளைந்து இறங்கும் பாதையில் இரண்டு கிலோமீட்டர் கீழே, பள்ளத்து ஊற்றில். விடியமுன் பெண்கள் இருபது லீற்றர் பிளாஸ்டிக் கானோடு இறங்குவார்கள். ஏறி வந்து சோளம் அவித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, தோட்டத்தில் நின்றுவிட்டுப் பின்னேரம் மறுபடி இறங்குவார்கள். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வழுக்கி விழாத பெண் ஊரில் இல்லையாம். இங்கே அரை மணித்தியாலம் சுடுதண்ணீருக்குக் கீழே நின்று பாட்டுப் பாடிய என் மகள், அங்கே ஒரு வாளித் தண்ணீரில் தலையும் முழுகி, மிச்சத்தில் உடுப்பும் அலசினாள். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

அந்த ஊருக்கு ஒரு சோலார் பம்ப் போய்ச் சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் நவோமி படம் எடுத்து அனுப்பினாள். தகட்டில் பொறித்த நீண்ட இலக்கத்தின் கடைசியில் 14. என் மேசையின் இலக்கம்! தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் "என்ர பம்ப்!" என்று நான் கத்தியதில் பக்கத்திலிருந்த டெனிஷ்காரி கோப்பியை மடியில் கொட்டிவிட்டாள்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை என்று முடிவானது. எங்களுக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்கு மதியம் ஒரு மணி. அதற்கு முந்தின கிழமை நவோமி போன் எடுத்துச் சொன்னாள்.

"அம்மா, பம்பைச் செய்த ஆள் சொன்னால்தான் திறப்பமெண்டு ஊர்த் தலைவர் நிக்கிறார். நான் கீழ பள்ளத்தில பம்படியில நிப்பன், அங்க சிக்னல் இல்லை. மேல ஊருக்குள்ள, தண்ணித் தாங்கியடியில மட்டும்தான் இருக்கு. போன் தலைவரிட்ட இருக்கும். அவர் கேக்கேக்க 'தெரிமா காசி' எண்டு சொல்லித் தலையாட்டுங்கோ. நன்றி எண்டு அர்த்தம். அவர் சிவப்புச் சீலைத் துண்டை ஆட்டுவார், அது கீழயிருந்து தெரியும், நான் சுவிட்சைப் போடுவன்."

தெரிமா காசி. ஒரு கிழமை முழுக்கத் திருகாணிக்கு ஒரு தரம் சொல்லிப் பாடமாக்கினேன். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற நான் 'காசி, காசி' என்றால் போதாதா? ஜீவரட்ணம் பிடித்துக்கொண்டார். "வேதக்காரி, காசிக்கு வழி கேக்கிறியோ?"

சனிக்கிழமை ஐந்து மணிக்கே எழுந்து பற்றிஸ் பொரித்தேன். எங்கள் சபைத் தங்கமலரக்கா ஆறரைக்கே சைக்கிளில் வந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கிவிட்டார். சரியாக ஏழு மணிக்கு வீடியோ அழைப்பில் திரை முழுக்க என் மகளின் முகம், வெயிலில் கறுத்து, பல்லெல்லாம் தெரிய.

"அம்மா, ஊரே வந்திட்டுது! இவதான் மாமா பெர்னடேட்டா, நான் இவவின்ர வீட்டிலதான் இருக்கிறன்."

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் மஞ்சள் கானோடு கையசைத்தார். அந்த ஊரில் வளர்ந்த பெண்களையெல்லாம் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்களாம்.

"பொம்பிளை மாமா!" என்றார் ஜீவரட்ணம். "இப்பிடியொரு மாமா எனக்கு வாய்க்கேல்லையே."

நவோமி தொலைபேசியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் பள்ளத்துக்கு ஓடினாள். தகரக் கூரைகள், சின்னத் தேவாலயம், புதுச் சீமெந்துத் தாங்கி, அதன் அடியில் ஒரு பித்தளைப் பைப். அதைச் சுற்றி எண்பது, நூறு பேர், எல்லோர் கையிலும் கான். நவோமி பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள் என்ற நேரத்தில் தலைவர் தொண்டையைச் செருமி ஏதோ பேசினார். சனம் கைதட்டியது. அவர் சிவப்புச் சீலையை உயர்த்தி, பைப்பைக் காட்டி, என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"செக்காராங், மாமா?"

நூறு முகம் என்னையே பார்த்தது. ஒரு கிழமையாகப் பாடமாக்கிய சொல் எந்தப் பக்கத்தால் போனதோ தெரியாது. கைகூப்பி, கண்ணீரோடு சொன்னேன்.

"நன்றி! நன்றி ஐயா, நன்றி!"

தலைவரின் முகம் மாறியது. "நந்தி?" என்று கேட்டார்.

சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று நான் இன்னும் சத்தமாக, "நன்றி! நன்றி!" என்றேன்.

சீலை கீழே இறங்கியது. அவர் திரும்பிச் சனத்துக்கு ஏதோ சொன்னார். கைதட்டல் இல்லை. ஒருவர் மண்ணில் குந்தினார். ஒரு கிழவர் துப்பினார். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது, பைப் வறண்டபடி நின்றது. நான் இடைக்கிடை "நன்றி" என்று கத்த, தலைவர் ஒவ்வொரு முறையும் பணிவாகத் தலையாட்டினார். மலை உச்சியில் ஒரு மேகம் தலைகாட்டியது. வெயில் போனால் சோலார் பம்ப் ஓடாது.

"உன்ர பம்ப் வேலை செய்யேல்லைப் போல" என்றார் ஜீவரட்ணம்.

"வாயைக் கழுவுங்கோ! என்ர வளையம் ஒழுகாது!"

பிறகு அதைப் பார்த்தேன். மாமா பெர்னடேட்டா கானைத் தூக்கித் தோளில் வைத்தார். பழைய ஊற்றுப் பாதைப் பக்கம் திரும்பினார். அவருக்குப் பின்னால் இன்னொரு பெண், பிறகு நான்கைந்து பேர். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. தங்கமலரக்கா ஸ்தோத்திரத்தை நிறுத்திவிட்டார்.

அரை மணித்தியாலம் கழித்து நவோமி மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள். தலைவரோடு இரண்டு சொல் பேசினாள். தலையில் அடித்துக்கொண்டு தொலைபேசியைப் பறித்தாள்.

"அம்மா! என்ன சொன்னீங்கள் இவருக்கு?"

"நன்றி எண்டுதான்."

"ஐயோ! இவையின்ர பாஷையில 'நந்தி' எண்டால் 'பிறகு' எண்டு அர்த்தம்! அவர் 'இப்ப திறக்கட்டோ' எண்டு கேக்க, நீங்கள் 'பிறகு, பிறகு' எண்டிருக்கிறீங்கள்!"

"முதல்ல காசி, இப்ப நந்தி" என்று ஜீவரட்ணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நவோமி சிரிக்கவில்லை.

"மூண்டு வருசத்துக்கு முன்னம் வேறொரு பம்ப் வந்து ஒரு சொட்டும் தரேல்லை, அம்மா. பிறகு வந்த எல்லாரும் இந்தச் சனத்துக்குச் சொன்ன சொல் இதுதான். நந்தி, நந்தி. அதுதான் எழும்பிப் போகினம்."

"இப்ப எண்டதுக்கு என்ன சொல்? கெதியாச் சொல்லு! மேகம் வருது!"

"செக்காராங்!"

இக்கரையில் நின்று கத்தினேன். "செக்காராங்! மாமா பெர்னடேட்டா, செக்காராங்!" தங்கமலரக்காவும் கத்தினார். சிரித்துக்கொண்டிருந்த ஜீவரட்ணமும் எழுந்து, மேல்மாடி டெனிஷ்காரர் கட்டிலால் விழும்படி கத்தினார். நவோமி தொலைபேசியைப் பாதைப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். தலைவர் சிவப்புச் சீலையை வீசினார். நவோமி கீழே பம்படியில் நிறுத்திவிட்டு வந்த ஆள் சுவிட்சைப் போட்டான்.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பைப் இருமியது. காற்றைக் கக்கியது. செம்மண் நிறத்தில் ஒரு வாய் துப்பியது. பிறகு வந்தது! ஒரு முழத்துக்கு, கண்ணாடியாக, வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது! என் பதினாலாம் மேசையின் தண்ணீர். அங்கே நூறு பேர் கூவினார்கள், இங்கே மூன்று பேர். மாமா பெர்னடேட்டா ஓடி வந்து கானை வைத்தார். அது நிரம்புவதைப் பார்த்தபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கான் நிரம்பி வழிந்த நேரம் மேகம் வெயிலை மூடியது. தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. எனக்கு உயிர் போனது. தலைவர் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நந்தி, மாமா."

இந்த முறை ஒருவரும் பாதைப் பக்கம் போகவில்லை. மாமா பெர்னடேட்டா நிறைந்த கானைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, யாரிடமோ வெறுங்கான் ஒன்றை வாங்கிப் பைப்பின் கீழ் வைத்து, அதற்குப் பக்கத்தில் சம்மணம் கொட்டி இருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு கான் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. தேவாலய வாசல்வரைக்கும் மஞ்சள் கான்கள் வரிசையாக நின்றன.

"இனி நிப்பாட்டுவமோ?" என்று ஜீவரட்ணம் தொலைக்காட்சியைக் காட்டிக் கேட்டார்.

"தொட்டுப் பாருங்கோ!" என்றேன். கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்டப் போட்டு, நானும் அந்த வரிசையில் இருந்தேன்.