ஆறுக்கு நாலு, வெளிர்பச்சை

புகார் பதிவான நாளிலிருந்து நானும் வழியில்தான் இருக்கிறேன். அதுதான் விதி. தொலைந்த பார்சல் கிடைக்கும்வரை அதை அனுப்பியவரும் போய்ச் சேராதவர். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. விற்பனையாளராகச் சேரும்போது 'சம்மதம்' என்ற கட்டத்தில் எல்லாரும் டிக் அடித்திருக்கிறோம். படித்துவிட்டு அடித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் பெயர் மங்கையர்க்கரசி. கரூரில் கொசுவலை தைத்து ஆன்லைனில் விற்கிறேன். கடையிலிருந்து என் வீடு நாலு தெரு. தினமும் ஐந்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு நடக்கிறேன். மாவு மில் வரும். பிறகு பெட்ரோல் பங்க் வரும். அடுத்து என் தெரு வரவேண்டும். மறுபடியும் மாவு மில் வருகிறது. நடந்து நடந்து விடியும்போது கடை வாசலில் நிற்கிறேன். பதினோரு நாளாக இப்படித்தான். மில்காரர் முதல் இரண்டு நாள் வணக்கம் சொன்னார். இப்போது சொல்வதில்லை. அவருக்கும் வேலை இருக்கிறது.

என் கணவர் தண்டபாணி வீட்டில் உட்கார்ந்து போனில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பங்க் கிட்ட வந்துட்டீன்னு காட்டுது," என்பார்.

"ஆமாங்க."

"இன்னைக்காச்சும் வந்துருவியா?"

"எவ்வளவு நேரம்னு காட்டுதுங்க?"

"பத்து நிமிஷம். நேத்தும் அதே பத்து நிமிஷந்தான்."

அவருக்கு ரவை உப்புமா மட்டும்தான் செய்யத் தெரியும். பதினோரு நாளாக அதைத்தான் சாப்பிடுகிறார். எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும். வேறொன்றும் வேண்டாம். செருப்பைக் கழற்றி என் வாசலில் விடவேண்டும்.

தொலைந்தது ஒரு கொசுவலை. வெளிர்பச்சை, ஆறுக்கு நாலு, ஜிப் வைத்தது. நாகர்கோவிலில் ஜெபசீலி என்ற பெண்ணுக்கு அனுப்பியது. கொடுத்தாகிவிட்டது என்கிறது கூரியர். வரவில்லை என்கிறாள் ஜெபசீலி. இரண்டு பேர் பேச்சிலும் பொய் தெரியவில்லை. அதுதான் பெரிய தொந்தரவு.

பன்னிரண்டாம் நாள் தகராறு தீர்வு மையத்திலிருந்து அழைத்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடி. படி ஏறியதும் நீளமான நடை. நடையின் கடைசியில் அதிகாரி தெரிந்தார். பத்து அடி வைத்தேன். அவர் கொஞ்சம் சிறியவரானார். இன்னும் பத்து அடி வைத்தேன். அவர் மேசை தீப்பெட்டி அளவுக்குப் போய்விட்டது. அலுத்துப்போய் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். அது அவர் மேசைக்கு எதிர் நாற்காலி.

மேசையில் சிவநேசன் என்று பெயர் எழுதியிருந்தது.

"பார்சல் போட்டதுக்கு ஆதாரம் இருக்குதுங்களாக்கா?"

பேக்கிங் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

"இதுல ஒரு கைதான் தெரியுது. யாரு கை?"

"என் கைதாங்க."

"அதுக்கு ஏதாச்சும் சான்று?"

கையை மேசைமேல் வைத்தேன். அதைத் திருப்பிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்தது வாங்குனவங்க வீடியோ. உங்க கடை விதிப்படிதான் எடுத்திருக்காங்க."

என் கடை விதி எல்லாக் கடைக்கும் உள்ளதுதான். பார்சலைப் பிரிக்கும்போது வெட்டு ஒட்டு இல்லாமல் வீடியோ எடுக்கவேண்டும். வீடியோ இல்லாத புகார் செல்லாது. ஏமாற்றுகிறவர்களுக்காக நான்தான் சிவப்பு எழுத்தில் போட்டேன்.

ஜெபசீலி வராத பார்சலைப் பிரித்து வீடியோ எடுத்திருந்தாள்.

நாற்பது நிமிட வீடியோ. அவள் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றுமில்லாததைத் தூக்கி நாலு பக்கமும் காட்டினாள். முகவரி இருக்கவேண்டிய இடத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பிறகு கத்தரிக்கோலால் டேப்பை வெட்டினாள். டேப் சீக்கிரத்தில் வரவில்லை. பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. வெட்டு ஒட்டு இருக்கக் கூடாது என்பதால் அவள் எழுந்து போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்க பேக்கிங் நல்லா இருக்குதுங்க," என்றார் சிவநேசன்.

கூரியர் தரப்பில் ஒரு போட்டோ. மூடிய நீலக் கதவு, அதன் அடியில் ஒரு நிழல். அந்தக் கதவையும் வரவழைத்திருந்தார்கள். பெஞ்சில் சாய்ந்து, கையில்லாததால் டோக்கனை அடித்தாழ்ப்பாளில் செருகிக்கொண்டு காத்திருந்தது. சிவநேசன் அதனிடம் போனார்.

"பார்சல் வந்துதுங்களா?"

கதவு மூடியே இருந்தது.

"சாட்சி ஒண்ணும் சொல்லல," என்று எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். அவருக்கும் களைப்புதான். சட்டைப் பையில் கோடாலித் தைலம் வைத்திருந்தார்.

"இங்க பாருங்கக்கா. கொடுத்தாச்சுன்னு ஒருக்கா ஏறிட்டா அழிக்க முடியாது. அப்ப ஏதாச்சும் ஒண்ணு அங்க போய்ச் சேந்திருக்கோணும்."

"சேரலைங்களே."

"இனிமே சேரலாமில்லீங்க. இப்ப வழியில என்ன இருக்குது?"

யோசித்துப் பார்த்தேன்.

"நான் இருக்கேன்."

"அதத்தான் நானும் பாத்தேன்."

முகவரிச் சீட்டின் நகலை என் தோளில் ஒட்டினார். புடவையில் ஒட்டவில்லை, ரவிக்கையில் ஒட்டியது.

"போய்ச் சேந்தா புகாரு முடிஞ்சிருங்களா?"

"உடனே."

"அப்புறம் நான் வீட்டுக்குப் போலாங்களா?"

"புகாரு முடிஞ்சா நீங்க வழியில இருக்க மாட்டீங்க," என்றார்.

கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எதில் போடச் சொன்னாலும் போட்டிருப்பேன்.

மதுரையில் என்னை ஒரு தடவை எடை போட்டார்கள். மறுநாள் இரவு எட்டு மணிக்கு நீலக் கதவுக்கு முன்னால் நின்றேன். கொண்டுவந்தவர் போட்டோ எடுத்தார். மணி அடிக்காமல் போய்விட்டார். நானே அடித்தேன்.

ஜெபசீலி திறந்தாள். வீடியோவில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள்.

"எக்கா, கொஞ்சம் திரும்புங்க. நாலு பக்கமும் தெரியணும்."

திரும்பினேன்.

"பச்சைல்லா கேட்டேன்?"

"ஸ்டாக் இல்லம்மா."

"பரவாயில்ல. அளவு சரியா இருக்குமா?"

கட்டிலில் குழந்தை கிடந்தது. பிறந்து முப்பது நாள் இருக்கும். நெற்றியிலும் கன்னத்திலும் ஏழு தடிப்புகள். நான் எண்ணினேன். கால்மாட்டில் நின்று முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக் குனிந்தேன். கட்டில் முழுக்க வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் அவ்வளவு அகலம் கிடையாது.

"சரியாத்தான் இருக்கு," என்றாள் ஜெபசீலி. "இந்தச் சவத்துக் கொசுவால பிள்ள ஒரு மாசமா உறங்கல. நானும் உறங்கல."

குழந்தை அழுகையை நிறுத்தியது. அவள் போனை எடுத்து, பொருள் கிடைத்தது என்று அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்காமலே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

என் போன் அடித்தது. ஒரு கையை விட்டால் வலை தொங்கும். இடுப்பிலிருந்த போனை முழங்கையாலேயே நெம்பி எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"வந்துட்டியா புள்ள," என்றார் தண்டபாணி. அவர் குரலில் அப்படியொரு நிம்மதி.

"இல்லைங்க. நான் நாகர்கோவில்ல இருக்கேன்."

"வந்து சேந்தாச்சுன்னு காட்டுதே."

"அது இங்க சேந்ததுங்க. வீட்டுக்கு இல்ல."

"டிக் விழுந்திருக்குது, பச்சையா."

"வேணும்னா வீட்டுக்குள்ள பாருங்க."

அவர் பார்க்கப் போனார். காலடிச் சத்தம் கேட்டது. சமையலறை விளக்கைப் போட்டார், அணைத்தார். புழக்கடை வரைக்கும் போய் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இங்கிருந்து நான் "ஏங்க" என்றேன்.

"ஆ, குரல் கேக்குது," என்றார். "இங்கதான் எங்கியோ இருக்கற."

"இல்லைங்க."

"களைச்சுப் போயிருப்ப. உப்புமா மூடி வெச்சிருக்கறேன், சாப்பிட்டுப் படு."

ஜெபசீலி சுவரோரம் குறட்டை விட்டாள். குழந்தையின் மூச்சு என் முந்தானையில் பட்டது. கையை எடுக்க முடியவில்லை. போனில் தண்டபாணி வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. வீட்டில் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் தாழ்ப்பாள் போடுவார்.