சீட்டு ஒட்டாத நாற்காலி

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் கோர்ட்டாக இருந்தது. இப்போது வழக்கு நடந்த அறைகளில் ஓவியர்களும் குயவர்களும் நெய்பவர்களும் வேலை செய்கிறார்கள். வருஷத்தில் ஒரு நாள் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கியிருந்த அறைதான் அண்ணியின் பட்டறை. நாற்காலி செய்கிறாள்.

இந்த வருஷம் அந்த நாளில் நான் அழைத்துப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உங்கப்பா கடைசி வரைக்கும் கோர்ட் படி ஏறாத மனுஷன். என்னை ஏற வச்சுட்டா பாரு உங்க அண்ணி."

முழங்கால் வலியோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எனக்குக் கவலை படியைப் பற்றி இல்லை.

அண்ணி முதலில் செய்த நாற்காலி எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது. தாழ்வாக, பின்னால் சாய்ந்து, கரையில் ஏற்றிய படகு மாதிரி அவ்வளவு அழகு. அம்மா அதில் உட்கார்ந்தாள். எழ முடியவில்லை. நானும் அண்ணனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை; மறுநாளிலிருந்து மடித்த துணிகளை அதில் வைக்க ஆரம்பித்தாள். அண்ணன் அதற்குத் 'துணி சிம்மாசனம்' என்று பெயர் வைத்தான். அண்ணியும் சிரித்தாள். ஆனால் அதன்பிறகு, சாப்பிட்டுவிட்டு அம்மா எழும்போதெல்லாம் அண்ணியின் கை தட்டிலேயே நின்றுவிடும். அம்மா எங்கே ஊன்றுகிறாள், பாதம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

போன வாரம் என்னிடம் சொன்னாள்: "சன்னலோரம் ஒரு புது நாற்காலி போடப்போறேன். நான் செஞ்சதுன்னு அத்தைக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா என் மனசுக்காக நல்லாயிருக்குன்னுடுவாங்க. அவங்க எழும்போது நீ கை கொடுக்காதே. இதுவும் துணி வைக்கத்தான்னு ஆச்சுன்னா பட்டறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை அண்ணி.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதவுகள் திறந்திருக்கும் அந்த நாளில் எல்லாப் பொருளிலும் செய்தவர் பெயர்ச்சீட்டு இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒரே ஒரு பொருளில் மட்டும் சீட்டு இருக்காது. அதை வருகிறவர்கள் எடுத்துப் புழங்கலாம். குயவர் அறையில் தண்ணீர் குடிக்க ஒரு குவளை. நெய்பவள் அறையில் போர்த்திப் பார்க்க ஒரு சால்வை. அண்ணி அறையில், சன்னலோரம் ஒரு நாற்காலி.

நாங்கள் நுழைந்தபோது அண்ணி யாருக்கோ மரத்தின் ரேகையைக் காட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பேச்சு ஒரு கணம் தடுக்கித் தொடர்ந்தது. வரிசையில் நின்ற நாற்காலிகளை அம்மா ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகச் சன்னலோரம் போய், அப்பாடா என்று உட்கார்ந்தாள். மரத்தூள் வெயிலில் மிதந்தது. அவள் உள்ளங்கை கைப்பிடியைத் தடவிக்கொண்டேயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் தறி சத்தம் கேட்டது. அதைப் பார்க்கவேண்டும் என்று அம்மா என் பக்கம் கையை நீட்டினாள்.

நான் வெளியே பார்த்தேன். பார்க்க ஒரு குழாயும் ஒரு புறாவும்தான் இருந்தன.

"அடியே, கனவு கண்டது போதும். கையைக் கொடு."

நான் திரும்பவில்லை. பின்னால் அண்ணியின் குரல் நின்றுபோயிருந்தது. அம்மா முணுமுணுத்தாள். பிறகு அவள் செருப்பு தரையில் உரசுவது கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். பாதங்கள் நாற்காலிக்கு அடியில் பின்வாங்கின; இடறும் குறுக்குக்கட்டை அங்கே இல்லை. இருக்கையைத் தாண்டிச் சற்று நீண்டிருந்த கைப்பிடிகளின் நுனியை இரண்டு கைகளும் தாமாகக் கண்டுபிடித்தன.

"பொண்ணுன்னு ஒண்ணைப் பெத்து என்ன? தூக்கி விடக்கூட ஆள் இல்லை" என்றாள் அம்மா, எழுந்து நின்றுகொண்டு.

தறியைப் பார்த்துவிட்டு வந்தபோது அந்த நாற்காலியில் ஓர் இளைஞன் இருந்தான். அம்மா அவனெதிரே போய் நின்று, "தம்பி, அது என் இடம்" என்றாள். அவன் எழுந்துகொண்டான். அம்மா உட்கார்ந்ததும் அண்ணியைக் கூப்பிட்டு, நீ செய்ததெல்லாம் எங்கே என்று விசாரித்தாள். அண்ணி வரிசையைக் காட்டினாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கோர்ட் நாற்காலி மாதிரி வராதும்மா. அந்தக் காலத்து ஆளு செஞ்சது."

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை.

"வீட்டுக்கு வேணும்னு கேட்டுப் பாக்கட்டுமா அத்தை?"

"கோர்ட் சொத்தை எவன் கொடுப்பான்?"

"எனக்குக் கொடுப்பாங்க."

அம்மா யோசித்தாள். "கொடுத்தா கூடத்துல போடலாம். உன்னோடதும் பக்கத்துலயே இருக்கட்டும். துணிக்கு அதுதான் வசதி."

சாயங்காலம் நாற்காலியை நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் இறக்கினோம். பாதியில் அண்ணி நிறுத்தச் சொன்னாள். கதவைப் பூட்ட மறந்துவிட்டாளாம். மேலே ஓடிப் போய்ப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.