இருபத்தொன்றாவது பெட்டி

பதினெட்டு கிலோ, இருபது பெட்டி, பத்து நிமிடம். இந்த மூன்றையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் தனம் மூன்று வாரமாகப் பயிற்சி செய்தாள். ஊரப்பாக்கத்தில் அவள் வீடு மூன்றாவது மாடியில். இருபது லிட்டர் தண்ணீர் கேனோடு தினமும் காலையில் பத்து தடவை ஏறுவாள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் எத்தனை விநாடி என்று குறிப்பாள். கடைசி வாரம் மூச்சுகூட வாங்கவில்லை. அப்படியும் எதையோ விட்டுவிட்டோமோ என்று நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள்.

இந்தச் சுமை தூக்கும் சோதனையை வைக்கும் மறைமலை நகர் உதிரிபாகத் தொழிற்சாலை நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. முப்பது வயது முடிந்தவர்களின் விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள். தனத்துக்கு முப்பது முடிய இன்னும் பத்தொன்பது நாள்தான். அவள் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் கம்பெனியிலோ, மாதக் கடைசியில் அவளுடைய லைனையே மூடுகிறார்கள். இது போனால் வேறு வழி இல்லை.

சோதனைக் கூடத்தில் பாதுகாப்பு அதிகாரி ஞானையா ஸ்டாப்வாட்ச்சோடு நின்றார். ஒரு பக்கம் பெட்டி அடுக்கு, அதன் முன் தரையில் ஒரு கோடு, எதிர்ப் பக்கம் இருபது பெட்டிக்கு இடமுள்ள ராக்.

"நல்லா கேட்டுக்கோங்கம்மா. ரெண்டு கையால புடிச்சு, நெஞ்சோட ஒட்டித் தூக்கணும். தோள்ல, இடுப்புல வைக்கக் கூடாது. ரெண்டு தடவை சொல்லுவேன். மூணாவது தடவை ஃபெயில்."

தனத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது. மூன்று வாரமும் கேன் ஏறியது அவளுடைய இடது இடுப்பில். எட்டு வயதில் குடம் தூக்க ஆரம்பித்ததிலிருந்து அவளுக்குச் சுமை என்றால் இடுப்புதான். எடையைக் கேட்டாள், நேரத்தைக் கேட்டாள். எப்படிப் பிடிப்பது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

போன தடவை தேறி இங்கேயே வேலை பார்க்கும் ஷாயிஸ்தா, டீ நேரத்தில் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். எண்களைச் சொன்னவளும் அவள்தான்.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"இடுப்புல வைக்கக் கூடாதுன்னு ஏண்டி சொல்லல?"

"எனக்கு இடுப்பு எங்க கீதுக்கா? குச்சியாட்டம் கீறேன். நான் கையிலதான் தூக்கினேன். நெனப்பே வரல, சத்தியமா."

விசில் ஊதியது. முதல் ஏழு பெட்டி கையில் போனது. எட்டாவதில், அவள் நினைக்கும் முன்பே, இடுப்பு ஒருக்களித்துப் பெட்டியை வாங்கிக்கொண்டது.

"இடுப்பு, ஒண்ணு!"

பதினொன்றில் மறுபடி.

"ரெண்டு. அவ்ளோதாம்மா, பாத்துக்கோங்க."

அதன் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கைகளிலேயே சுமந்தாள். முன்கை எரிந்தது, விரல்கள் மரத்தன. பத்தொன்பதை வைத்தபோது இன்னும் ஐம்பது விநாடி இருந்தது. இருபதாவது பெட்டி பாதி வழியில் விரல்களை விட்டு நழுவியது. விழப்போன பெட்டியை இடுப்பு தாங்கியது. அப்படியே நடந்துபோய் ராக்கில் வைத்தாள்.

ஞானையா மூன்று என்று சொல்லவில்லை. தாளில் மட்டும் 'ஃபெயில்' என்று எழுதினார்.

"சார், கீழ விழல சார். டைமும் இருக்கு பாருங்க."

"கொண்டு சேத்துட்டீங்க, இல்லேங்கல. ஆனா ஒரு பக்கமா தூக்கினா அஞ்சு வருஷத்துல முதுகு போயிடும்மா."

"இருபத்தியோரு வருஷமா போகலையே சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி, "அடுத்தது யாரு? டோக்கன் பதினாலு!" என்று கூப்பிட்டார்.

தனம் வாசலுக்குப் போகவில்லை. நேராக அடுக்குக்குத் திரும்பி, முழங்காலை மடக்கி, இன்னொரு பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள்.

"அம்மா, முடிஞ்சு போச்சு."

"இப்ப பாருங்க சார். சரியா இருக்கா, பாருங்க."

"யக்கா, வேணாம்க்கா, வந்துடு," என்றாள் ஷாயிஸ்தா.

தனம் கோட்டைத் தாண்டி நடந்தாள். இந்தத் தடவை இடுப்பு ஒருக்களிக்கவில்லை. ராக்கில் இருபது இடமும் நிறைந்திருந்தது.

"கீழ வைங்கம்மா," என்றார் ஞானையா, மெல்ல.

"எங்க வைக்கணும்னு சொல்லுங்க சார். அங்க வைக்கிறேன்."

டோக்கன் பதினாலு கோட்டருகே வந்து நின்றது. பெட்டியை அணைத்தபடி தனமும் நின்றாள்.