ஒரு பக்கச் சிறகை மட்டும்

கிளமென்ட் சார் வீட்டு மதில் ஆறடி உயரம். எங்கள் பக்கம் பூசாத செங்கல். அவர் பக்கம் சிமெண்டு பூசி வெள்ளையடித்திருக்கும், கை வைத்தால் வழுக்கும். ரோசரியின் வாத்துகள் அந்த மதிலால்தான் செத்தன என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். மதில் என்ன செய்யும்? அவர் சொன்னார், நான் செய்தேன்.

அறுபத்திரண்டாம் வருஷம். அப்போது நாங்கள் காட்டூரில் குடியிருந்தோம். எனக்கு அரியமங்கலத்தில் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற வேலை. என் மனைவி ரோசரி நான்கு மணிலா வாத்துகள் வளர்த்தாள். லால்குடியிலிருந்து அவள் அக்கா கொடுத்த குஞ்சுகள். கூடையில் போட்டு, மேலே பழைய சேலைத் துணியைக் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டிலிருந்த பானை சட்டியெல்லாம் என் அம்மா விட்டுப்போனவை. அவளுக்கென்று இருந்தவை அந்த நான்கும்தான்.

மணிலா வாத்து மற்ற வாத்துகளைப் போல இல்லை, நன்றாகப் பறக்கும். காலையில் கூட்டைத் திறந்ததும் மதிலைத் தாண்டி கிளமென்ட் சாருடைய தாமரைத் தொட்டியில் போய் இறங்கும். கலக்கி, அசிங்கம் பண்ணி, ஆசை தீர்ந்ததும் அதே மதிலைத் தாண்டித் திரும்பி வந்துவிடும்.

கிளமென்ட் சார் ஏதோ ஆபீசில் தலைமை கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். டைகர் என்று ஒரு நாய் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வந்தபோது மதிலுக்கு மேலே அவர் தலை தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறியிருக்க வேண்டும்.

"என்னப்பா சவரி, என் தொட்டி என்ன வேளாங்கண்ணியா? தினமும் குடும்பத்தோட வந்து முங்கிட்டுப் போவுதுங்க!"

"பூட்டித்தான் வெக்கிறேன் சார். தொறந்ததும் ஓடிருதுங்க," என்றாள் ரோசரி.

"உங்களுக்காகத்தான் காலையில டைகரைக் கட்டியே போட்டு வெச்சிருக்கேன். எத்தனை நாளைக்கு முடியும்? அது வாயில்லா ஜீவன் இல்லையா? சிறகை வெட்டி விடுங்க. உங்க வாத்து நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சொன்னதோடு விடவில்லை. சாயங்காலம் நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு துண்டுத் தாள். வாத்து வளர்ப்பைப் பற்றி அரசாங்கத்தில் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்தது.

பக்கத்து வீட்டு ஜீனத் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். அவள் புருஷன் தையல்காரர்.

"சீக்கிரம் முடிங்கக்கா. இதுல இறகு வெட்டினது அவங்களுக்குத் தெரிஞ்சா என் முடிய வெட்டிருவாங்க," என்றாள்.

ரோசரி வாத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் வலது சிறகை விரித்து நீள இறகுகளை மட்டும் வெட்டினேன். அது எனக்குத் தெரிந்த காரியம். அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம்தான் வெட்டுவார்கள். எழும்பும்போதே வாத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். இரண்டு முறை விழுந்தால் மூன்றாம் முறை எழும்பாது.

"இது என்ன கோலம்? ஒத்தப் பக்கம் வெட்டினா நொண்டி மாதிரி இருக்குமே. ரெண்டு பக்கமும் சமமா வெட்டு," என்றார் கிளமென்ட் சார்.

"வாத்துக்காரங்க ஒரு பக்கம்தான் வெட்டுவாங்க சார்."

"வாத்துக்காரன் சொன்னானாம்! அச்சுல என்ன போட்டிருக்குன்னு பாரு." தாளை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "நீதான் முதியோர் ஸ்கூலுக்கெல்லாம் போனியே. படி, கேப்போம்."

நான் எழுத்துப் படித்தது முப்பத்தாறு வயதில். படிப்பேன். ஆனால் எழுத்துக்கு அடியில் விரல் வைக்க வேண்டும், உதடு அசைய வேண்டும், ஒரு வரிக்கு ஒரு மூட்டை இறக்குகிற நேரமாகும். மில்லில் நான் படிக்கிறதைப் பார்த்து என்னைப் போலவே வாயசைத்துக் காட்டிச் சிரிப்பார்கள். அவர் முன்னால், ஜீனத் முன்னால், என் மனைவி முன்னால் அப்படி நிற்க வெட்கமாக இருந்தது.

"நீங்களே சொல்லுங்க சார்," என்றேன்.

"ரெண்டு பக்கமும்னுதான் போட்டிருக்கு."

சொல்லிவிட்டுத் தாளை என்னிடமே கொடுத்தார். "வெச்சுக்க, எனக்கெதுக்கு?" நான் அதை மடித்துக் கூரை இடுக்கில் செருகினேன். மூன்று வாத்துகளுக்கும் இரண்டு பக்கமும் வெட்டினேன். நான்காவது அடையில் இருந்தது. அதைக் கலைக்க வேண்டாம் என்று ரோசரி விட்டுவிட்டாள்.

மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு நடந்ததை ஜீனத்தான் சொன்னாள். வாத்துகள் மதிலோரம் இருந்த விறகு அடுக்கின் மேல் ஏறின. அங்கிருந்து படபடவென்று அடித்துக்கொண்டு மதில் மேல் போய் உட்கார்ந்தன. சமமாக வெட்டிய சிறகுக்கு அவ்வளவு தூரம் எழும்புகிற பலம் இருந்தது. பிறகு அந்தப் பக்கம் குதித்தன. அந்தப் பக்கம் ஏற விறகு ஏது? ஆறடியைத் தரையிலிருந்து தாண்டுகிற பலம் இல்லை. வழுக்குகிற சுவரில் நெஞ்சால் மோதி மோதி விழுந்தன. சிறகு வெட்டியாகிவிட்டதே என்று அன்றைக்குத்தான் டைகரை அவிழ்த்து விட்டிருந்தார்கள். ரோசரி கேட்டைப் பிடித்து உலுக்கிக் கத்தியிருக்கிறாள். கேட்டைத் திறக்க வந்த கிளமென்ட் சார் கேட்டாராம்: "ஏம்மா, சரியா வெட்டலையா?"

நான் வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. மூன்றும் கூடையில் கிடந்தன. மேலே அதே சேலைத் துணி.

"அந்தத் தாளை எடுங்க," என்றாள் ரோசரி.

எடுத்தேன். வாசலில் குந்தி, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். 'வாத்துகள் பறந்துவிடாமல் இருக்க, ஒரு பக்கச் சிறகை மட்டும் வெட்டவும்.' மறுபடியும் முதலிலிருந்து போனேன். அப்படித்தான் இருந்தது.

எழுந்து போய் அவர் கேட்டைத் தட்டினேன். ரோசரி பின்னாலேயே வந்தாள். கிளமென்ட் சார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"நடந்தது நடந்துபோச்சுப்பா. நாயின்னா அப்படித்தான். வேணும்னா ரெண்டு கோழிக்குஞ்சு வாங்கித் தரேன்."

"நில்லுங்க சார். படிக்கணும்."

விரல் வைத்தேன். உதட்டையும் மறைக்கவில்லை. "வாத்... து... கள்... ப... றந்து..."

"சரி சரி, புரியுது."

"இன்னும் முடிக்கல சார்."

அவர் கை தாளுக்கு நீண்டது. நான் கொடுக்கவில்லை. தெருவில் ஜீனத்தும் அவள் புருஷனும் வந்து நின்றார்கள். வேறு சிலரும் நின்றார்கள். "ஒ... ரு... பக்கச்... சிற... கை... மட்... டும்..." அவ்வளவு நேரம் அவர் எனக்காக நின்றது அன்றைக்குத்தான்.

அவர் முகம் சுருங்கியது. "நேத்து கண்ணாடி போடாம இருந்தேன்பா. ஏதோ ஞாபகத்துல சொல்லிட்டேன்."

"கண்ணாடி உங்க சட்டை ஜோப்புலதான் இருந்துச்சு. தாளைப் பார்க்காமலேயே சொன்னீங்க. நான் பார்த்தேன்!"

கத்திவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. பின்னாலிருந்து ரோசரி கேட்டாள்:

"பார்த்தீங்களா?"

நான் திரும்பவில்லை.

"அவர் படிக்காம சொல்றாருன்னு தெரிஞ்சுதான் வெட்டினீங்களா?"

கிளமென்ட் சார் கேட்டைச் சாத்திக்கொண்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போய் ரோசரி விறகு அடுக்கைப் பிரித்தாள். மதிலோரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாகச் சுமந்து எதிர்ப்பக்கம் அடுக்கினாள். மூட்டை தூக்குகிறவன் நான் நின்றுகொண்டிருந்தேன். கை நீட்டியபோது, "தொடாதீங்க," என்றாள்.

மறுநாள் காலை அடைவாத்து தீனிக்கு இறங்கியதும் ஜீனத் அதைப் பிடித்துக்கொண்டாள். கத்தரிக்கோல் ரோசரி கையில் இருந்தது.

"படிங்க," என்றாள் என்னிடம்.

"ஒரு பக்கம்னுதான் தெரியுமே, ரோசரி."

"அன்னிக்கும்தான் தெரியும். படிங்க."

தாளை விரித்தேன். விரல் வைத்து, வாயசைத்து, சத்தமாகப் படித்தேன். ரோசரி வெட்டாமல் காத்திருந்தாள். 'மட்டும்' என்கிற வரைக்கும் வந்த பிறகுதான் வலது சிறகை விரித்தாள்.