டீக்கடையில் சுற்றிய ஃபேன்

...சித்திரையில் இப்படியொரு காற்று அடித்தால் புதுக் கம்பியும்தான் அறும், இதையே முதல் வரியாகச் சொன்னால் கைதட்டல் நிச்சயம் என்று மேடையில் உட்கார்ந்து சேரன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, எதிரணி இனியா மைக்கைப் பிடித்து, "அறுந்த கம்பிக்கு எங்க தாத்தா வயசுங்க, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு இப்ப ஒட்டு மட்டும்தான் மிச்சம்" என்றதும் கல்லூரி அரங்கமே சிரித்தது. சேரனும் சிரித்தான், அந்த ஒட்டில் பாதி அவன் அப்பா போட்டது, லைன்மேன் சவரியப்பன், இந்த நிமிஷம்கூட ரெண்டு தெரு தள்ளி, நேற்றைய காற்றில் அறுந்த கம்பியைக் கட்டத்தான் போயிருக்கிறார்... மின்தடைக்குக் காரணம் மாறிய பருவநிலையா, பழைய கம்பியா என்று மின்தடையிலேயே பட்டிமன்றம் நடத்த இலுப்பூரை விட்டால் ஆளில்லை, ஜெனரேட்டர் ஏற்பாடும் சேரன்தான், ரெண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரை ஒரு பக்கம் ஜெனரேட்டரிலும் மறுபக்கம் சுவரிலும் செருகினால் மொத்தக் கட்டடத்திலும் விளக்கு எரியும், கல்யாண வீடுகளில் எல்லாரும் செய்வதுதான், மெயின் சுவிட்சை மட்டும் முதலில் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் வெளியே தெருக் கம்பிக்கே போய்விடும், அதில் கை வைத்தவன்...

ஜெனரேட்டர் ஏன் இந்த முக்கு முக்குகிறது? ஜன்னலுக்கு எதிரே பெரியண்ணன் டீக்கடை, அவர் வடை திருப்பிக்கொண்டிருக்கிறார், தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது. சுற்றட்டும், கரண்ட் வந்திருக்கும்... வந்திருந்தால் அப்பா போன் போட்டிருப்பாரே? மெயினை இறக்கினோமா? ஒயரைச் செருகியது ஞாபகமிருக்கிறது, அதோடு செல்ஃபி எடுத்தது ஞாபகமிருக்கிறது, "விஞ்ஞானிடா" என்று எவனோ சொன்னது, அதற்கு அடக்கமாகத் தலை குனிந்தது, எல்லாம் இருக்கிறது, மெயின்? எழுந்து ஓடினான், "தம்பி இப்பவே தோத்துட்டாருங்க" என்ற நடுவரின் குரல் முதுகில் விழுந்தது, ஜெனரேட்டரை அணைத்ததும் மைக் செத்தது, சேரன் வேலையைக் காட்டிட்டான்டா என்று அரங்கம் ஊளையிட்டது. மெயின் இறங்கவே இல்லை. எதிரே ஃபேன் மெல்ல மெல்ல நின்றது.

ஒரு ரிங், ரெண்டு, ஐந்து, எடுங்கப்பா, ஏழு... "என்னடா, பேசி முடிச்சிட்டியா?" உயிரோடிருக்கிற குரல், எரிச்சலான குரல். கம்பத்துல ஏறிட்டீங்களா என்று கேட்டான். "எங்கிட்டு ஏற? ஏணிய ஏத்திக்கிட்டு வந்த ஜீப்பு வழியில படுத்துருச்சு. அது வயசுக்கு அது வந்ததே பெரிசு. இந்தா, இப்பத்தான் வருது." ஒரு மணி நேரமாக அப்பாவைத் தரையில் நிறுத்தி வைத்தது அந்தக் கிழட்டு ஜீப், அதற்கு மாலை போடலாம், எதிரணிக்கு இதை எப்படிச் சொல்வது, முதலில் இவரிடம் எப்படிச் சொல்வது... "அப்பா, கம்பியில கரண்ட் இருக்கான்னு பாத்துட்டு ஏறுங்க." "லைனை நாந்தான்டா ஆஃப் பண்ணேன். எனக்கே சொல்லித் தாரியா?" "இல்லப்பா, எவனாவது ஜெனரேட்டர..." எவனாவது என்றுதான் வாயில் வந்தது. "சரி சரி, பாக்குறேன், வை."

பாக்குறேன் என்றால் பார்ப்பாரா, வாயை அடைக்கச் சொன்னாரா? உள்ளே அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள், முதல் வரி மறந்துபோயிற்று. அணைத்த ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றான், இப்போதுதான் கேட்டது, கல்யாண மண்டபத்துப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் ஓடுகிறது, பேங்குப் பக்கம் ஒன்று, அதற்கும் அங்கிட்டு ஏதோ ஒரு வீட்டில் இன்னொன்று, எவனெவன் மெயினை இறக்கினானோ...